முடிச்சூர் மனையா, ஓ.எம்.ஆர். பிளாட்டா: அக்கம்பக்கம் எது, ஒட்டுறவு எது?

சென்னைப் புறநகரில் வீடு தேடுபவர்கள் பலரும் இந்த இரண்டில்தான் தடுமாறுகிறார்கள். தாம்பரம் தாண்டி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் ஒரு மனை, இல்லையென்றால் ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூர், சிறுசேரி பக்கம் மதிலுக்குள் ஒரு அடுக்குமாடி பிளாட். ‘கம்யூனிட்டி’ என்ற சொல் பிளாட் விளம்பரத்தில்தான் இருக்கும். மனைப்பிரிவின் பலகையில் வெறும் ‘நகர்’. எனக்கென்னவோ அந்தச் சொல் நகருக்குத்தான் கூடுதலாகப் பொருந்துகிறது.

மனை வாங்கி முதலில் குடியேறியவர்களுக்குப் பெரும்பாலும் ரோடும் இருக்காது, தெருவிளக்கும் இருக்காது. மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதே முதல் மழையில்தான் தெரியும். அதனால் நாலு வீடு எழும்பியதுமே நலச்சங்கம் தொடங்கிவிடுகிறது. ஊராட்சிக்கு மனு, மின்வாரியத்துக்கு நடை, பொங்கலுக்கு வசூல் என்று சேர்ந்து அலைந்தே பழகுகிறார்கள். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டி, அடையாறு கரை புரண்டு இந்தப் பகுதிகளுக்குள் புகுந்தது. தரைத்தளம் மூழ்கினால் பக்கத்து மாடிதான் கதி. எந்த வீட்டில் நடக்க முடியாத பெரியவர் இருக்கிறார் என்று தெருவுக்குத் தெரிந்திருந்தால்தான் படகு சரியான வாசலுக்குப் போகும்.

பிளாட்டில் தண்ணீர் லாரி, லிஃப்ட், ஜெனரேட்டர் எல்லாம் மேலாளர் பொறுப்பு. மாதாமாதம் மெயின்டெனன்ஸ் கட்டினால் போதும், எதிர்வீட்டுக் கதவைத் தட்டும் தேவையே வராது. 200 குடும்பங்கள் ஒரே மதிலுக்குள் இருந்தும் அது வெறும் அக்கம்பக்கமாகவே நின்றுவிடலாம். அதற்காகத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை. குழந்தைகள் வண்டி பயமில்லாமல் ஓடியாடுகிறார்கள். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்ட பெரியவர்கள் சாயங்காலம் கீழே பெஞ்சில் கூடிவிடுகிறார்கள். ஒருநாள் ஒருவர் வராவிட்டால் மற்றவர் மேலே போய்ப் பார்க்கிறார். அது ஒட்டுறவுதான்.

நகரிலும் ஒரு பெரிய குறை உண்டு: வாடகைக்காரர். பத்து வருடம் அதே தெருவில் இருந்தாலும் பல நலச்சங்கங்களில் உறுப்பினராகச் சேர்க்க மாட்டார்கள். வெள்ளம் வந்தால் மட்டும் அவர் வீட்டுக்குள்ளும்தான் தண்ணீர் புகும். இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

என் தேர்வு மனைதான், 2015இல் அங்கே தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று விசாரித்த பிறகு. அப்புறம், எங்கே வீடு பார்க்கப் போனாலும் இஸ்திரி வண்டிக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: “இங்கே ஊருக்குப் போறவங்க சாவியை யார்கிட்ட குடுத்துட்டுப் போவாங்க?”