மூன்று வருடமாக வீட்டில் இஞ்சி பீர்

பார்லியும் ஹாப்ஸும் போட்டுக் காய்ச்சும் பீரை உரிமம் இல்லாமல் வீட்டில் செய்ய 1937-ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டம் விடாது. நான் செய்வது இஞ்சி பீர். இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், நாலே பொருள். முதல்முறை பெயரைச் சொன்னதும் அப்பா, “கள்ளு எறக்கவே உடமாட்டீங்கறாங்க, நீ இஞ்சில எறக்கறயா?” என்றார். கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தென்னந்தோப்பு உண்டு. 1987-இல் வந்த கள்ளுத் தடையின் மேல் அவருக்கு இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை.

தயிருக்கு உறைமோர் மாதிரி இதற்கும் ஓர் உறை வேண்டும். இஞ்சியைத் தோலோடு நசுக்கி, சர்க்கரைத் தண்ணீரில் போட்டு ஜாடியில் வைத்து, தினம் ஒரு ஸ்பூன் இஞ்சியும் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் சேர்த்து வந்தால் நாலைந்து நாளில் நுரைக்கும். தோலில் ஒட்டியிருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் செய்கிற வேலை. இந்த உறையைச் சர்க்கரை போட்ட இஞ்சித் தண்ணீரில் சேர்த்து, பாட்டிலில் அடைத்து, வாயு சேர்ந்து பாட்டில் இறுகும்வரை வைத்தால் இஞ்சி பீர். இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் கட்டி கட்டியாக ஓர் உறையை வைத்துக்கொண்டு, அதை ‘இஞ்சி பீர் செடி’ என்று அழைத்தார்கள். அது செடியே இல்லை, ஓர் ஈஸ்ட்டும் ஒரு பாக்டீரியாவும் கூட்டுக்குடித்தனம் நடத்துகிறது என்று 1892-இல் ஹாரி மார்ஷல் வார்டு என்பவர் ஆராய்ந்து எழுதினார். என் ஜாடியில் இருப்பது அதற்குத் தூரத்துச் சொந்தம்.

முதல் ஜாடி நாலாம் நாளே பச்சையாகப் பூசணம் பூத்தது. இரண்டாவதும் அப்படியே. இஞ்சி சரியில்லை என்று கடையை மாற்றினேன், ஜாடியை வெந்நீரில் கழுவினேன், ஒன்றும் ஆகவில்லை. அப்பா தோப்பில் பஞ்சகவ்யா டிரம் வைத்திருக்கிறார், கொடுமுடி டாக்டர் நடராஜன் சொன்ன முறையில். “காலைல ஒருக்கா, பொழுதோட ஒருக்கா கலக்கி உடறயா?” என்று ஒரே கேள்விதான் கேட்டார். நான் மூடி போட்டுத் தொடாமலே வைத்திருந்தேன். மேலே மிதக்கிற இஞ்சித் துண்டு காய்ந்தால்தான் பூசணம் பிடிக்கும், மூழ்கி நனைந்துகொண்டே இருந்தால் பிடிக்காது. அன்றிலிருந்து இரண்டு வேளையும் கலக்குகிறேன். அப்புறம் ஒரு ஜாடிகூடப் பூசணத்துக்குப் போகவில்லை.

பெரிய பாடம் பங்குனியில் வந்தது. அந்த முறை இரண்டு மாற்றம் ஒன்றாகச் செய்திருந்தேன். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை. பழைய சோடா பாட்டிலுக்குப் பதில், இணையத்தில் வாங்கிய கம்பி மூடிக் கண்ணாடி பாட்டில். பார்க்க அவ்வளவு அழகு. ஆறு பாட்டில் நிரப்பி மச்சு அறையில் வைத்துவிட்டுத் திங்கட்கிழமை பண்ணாரி குண்டத்துக்குக் கிளம்பினோம். வரிசையில் ராத்திரி முழுக்க நின்று, பூ மிதித்து, செவ்வாய் மத்தியானம் வீடு வந்தால் படியெல்லாம் ஈ. மூன்று பாட்டில் சில்லு சில்லாகக் கிடந்தது. ஒரு சில்லு கதவுச் சட்டத்தில் குத்தி நின்றது. யாரும் வீட்டில் இல்லாதது அம்மன் புண்ணியம். “ஏனுங்க, இனி இந்த வெடிகுண்டெல்லாம் தோப்புச் சாளையில வெச்சுக்கங்க” என்றாள் மனைவி. அவள் சொன்னதில் தப்பே இல்லை.

மிச்சம் மூன்றையும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, ஈரச் சாக்கால் மூடித் திறந்தேன். அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு லிட்டரில் நாலு கிராம் சர்க்கரை புளித்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் வாயு வரும். கடைக் குளிர்பானத்தின் சுர்ருக்கு மூன்றரை லிட்டர் வாயு போதும், அதாவது 14 கிராம் சர்க்கரை. நான் லிட்டருக்குப் போட்டிருந்தது 80 கிராம். மிச்ச 66 கிராமும் இனிப்புக்காக நிற்க வேண்டியது. நேரத்தோடு ஃபிரிட்ஜில் வைக்காவிட்டால் அதையும் ஈஸ்ட் தின்னத் தொடங்கும். எந்தக் கண்ணாடி தாங்கும்?

ஆனால் வெடித்ததற்குக் காரணம் நாட்டுச் சர்க்கரையா, பாட்டிலா, மச்சின் சூடா? இரண்டை ஒன்றாக மாற்றியதால் சொல்ல வழியில்லாமல் போயிற்று. அதனால் ஒரு நோட்டுப் போட்டு, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றினேன். எல்லாம் காலி பிளாஸ்டிக் சோடா பாட்டிலில். அது கண்ணாடி மாதிரி சிதறாது, அழுத்திப் பார்த்தே உள்ளே எவ்வளவு வாயு என்று தெரிந்துகொள்ளலாம். ஒரே நாள், ஒரே கரைசல். மச்சில் வைத்தது 14 மணி நேரத்தில் கல்லு மாதிரி இறுகியது. கீழ் அறையில் தரையில் வைத்தது 26 மணி நேரம் எடுத்தது. அடுத்த வாரம் கீழ் அறையிலேயே இரண்டு சர்க்கரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நாட்டுச் சர்க்கரை மூன்று மணி நேரம்தான் முந்தியது. சூடுதான் முதல் குற்றவாளி. சமையல் குறிப்பில் ‘இரண்டு நாள் வெளியே வைக்கவும்’ என்று எழுதியவர் குளிர் நாட்டுக்காரராக இருப்பார். எங்கள் பங்குனி வெயிலுக்கு அந்த இரண்டு நாள் எப்படிப் பொருந்தும்?

மார்கழியில் நேர் எதிர்க் கதை. மூன்று நாளாகியும் பாட்டில் மெத்தென்று கிடந்தது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உறையை அப்படியே ஊற்றியதுதான் தப்பு. இப்போது முந்தின நாளே உறையை வெளியே எடுத்துச் சர்க்கரை போட்டு, நுரை கட்டியதும்தான் சேர்க்கிறேன். பாட்டிலை ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் மேல் வைத்தால் இளஞ்சூடு கிடைக்கிறது. தோசை மாவுக்கும் அதே இடம்தான், இடத்துக்குச் சண்டை நடக்கும்.

இன்னொரு முறை பீர் எண்ணெய் மாதிரி கொழகொழவென்று ஊற்றியது. நாற்றம் இல்லை, ருசியும் மோசமில்லை, ஆனால் குடிக்க முடியவில்லை. அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, டம்ளரைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “கருப்பஞ்சாறு ராத்திரி நின்னுபோனா இப்படித்தான் கோழை கட்டும்” என்றார். அவர் காலத்தில் எங்களுக்குக் கரும்பாலை இருந்தது. சர்க்கரையைக் கோந்தாக மாற்றுகிற பாக்டீரியா வகை ஒன்று உண்டு, கரும்புச் சாற்றில் அது சகஜம். உறையைக் கொட்டிவிட்டு, ஜாடியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி, புது இஞ்சியில் ஆரம்பித்தேன். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

ருசி விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். எலுமிச்சையைத் தோலோடு கொதிக்கவைத்தால் கசக்கும், சாற்றைக் கடைசியில் ஆறியபின் சேர்த்தால் போதும். காரம் போதவில்லை என்றால் இஞ்சியைக் கூட்டாமல், ஐந்து லிட்டருக்கு ஒரு விரல் நீளச் சுக்கைத் தட்டிப் போடுங்கள். இஞ்சி காயும்போது அதிலுள்ள ‘ஜிஞ்சரால்’ என்கிற காரப்பொருள் ‘ஷோகால்’ என்கிற வேறொன்றாக மாறுகிறது, அதற்குக் காரம் அதிகம். பொங்கலுக்கு வாங்கிய மஞ்சள் கொத்தின் கிழங்கை வைத்தும் ஓர் உறை போட்டேன். நன்றாக நுரைத்தது. குடித்தால் சுர்ரென்ற ரசம். ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு 2019-இலேயே கிடைத்துவிட்டது, நான் ஒன்றும் புதிதாகப் பெருமை சேர்க்க வேண்டியதில்லை.

சாமான்களில் பணத்துக்குத் தகுந்தது கிராம் தராசு ஒன்றுதான். ஸ்பூன் கணக்கில் போட்ட காலத்தில் ஒருமுறை வந்த ருசி மறுமுறை வந்ததே இல்லை. சர்க்கரை அளக்கும் கண்ணாடி மானி வாங்கி இரண்டு தடவைதான் மிதக்கவிட்டேன். இஞ்சி நார் ஒட்டிக்கொண்டு சரியான கணக்கே காட்டாது. கண்ணாடி பாட்டில் மிச்சம் மூன்றில் நல்லெண்ணெய் இருக்கிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. பாட்டில் இறுகியதும் ஃபிரிட்ஜில் வைத்தாலும் ஒரு சதவீதத்தை ஒட்டி ஆல்கஹால் இருக்கத்தான் செய்யும், வெளியே விட்டால் ஏறும். அதனால் மகளுக்குக் கொடுப்பதில்லை, அவளுக்குப் பன்னீர் சோடா. ஃபிரிட்ஜில் வைத்ததையும் ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுவோம்.

இந்த வாரம் நோட்டில் எழுதியிருப்பது கருப்பட்டி. எடை, உறை, இடம் எல்லாம் பழையபடி, சர்க்கரை மட்டும் வேறு. நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு மூடியது. காலையில் அழுத்திப் பார்த்தேன், இன்னும் மெத்தென்றுதான் இருக்கிறது.