ரூ.38,500 போச்சு: பிக்அப் வண்டிக்கு இசிஎம் (என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி) மாற்றப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நில்லுங்கள்

நேற்று ராத்திரி 11 மணிக்குப் புனலூரிலிருந்து வீடு வந்து சேர்ந்தேன். படுத்தால் தூக்கம் வரவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் "போனது போகட்டும்" என்று இருந்துவிடுவேன், என் சுபாவம் அப்படி. போனது 38,500 ரூபாய்.

எனக்கு ஊர் செங்கோட்டை. சொந்தமாக ஒரு பிக்அப் வைத்திருக்கிறேன். 2018 மாடல், பிஎஸ்-4, காமன் ரெயில் டீசல். ஓனரும் நானே, டிரைவரும் நானே. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி, புளியரை, ஆரியங்காவு வழியாகப் புனலூர் பக்கம் இறக்குவதுதான் பிழைப்பு. ஓணம் வந்தால் எங்களுக்கு அதுதான் அறுவடை. தடியங்காய், சேனை, முருங்கை, வெள்ளரி என்று அத்தம் தொடங்கித் திருவோணம் வரை வண்டிக்கு ஓய்வே இருக்காது.

இந்த ஓணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது வண்டி தொந்தரவு கொடுக்க ஆரம்பித்தது. முதலில் செக் என்ஜின் லைட். அப்புறம் புளியரை எஸ் வளைவில் ஏறும்போது இழுவை இல்லை, எவ்வளவு மிதித்தாலும் ஆர்பிஎம் ஏறவில்லை. இரண்டாம் நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. பத்து நிமிஷம் கழித்துச் சாவி போட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. ஊரில் நான் வழக்கமாக விடும் மெக்கானிக் ஸ்கேனர் மாட்டிப் பார்த்தார். பி0606 என்று பழுது கோட் நம்பர் வந்தது. "இசிஎம் உள்ளயே பிராசசர் கம்ப்ளைண்ட்னு காட்டுது" என்றார். புதுப் பெட்டிக்கு விசாரித்தால் விலையும் தாங்காது, வந்து சேரவும் மூன்று வாரம் ஆகும். அதற்குள் ஓணமே முடிந்துவிடும்.

அப்போதுதான் அந்தக் கடை கண்ணில் பட்டது. இசிஎம் ரிப்பேர் பார்த்து, மாற்றுப் பெட்டி தயார் செய்து பார்சலில் அனுப்புகிற கடை. வீடியோ போட்டு ஆள் பிடிக்கிறவர்கள். பெயரை எழுதவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அதுவரை பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

போன் போட்டதும் எடுத்தவன் சொன்ன முதல் வார்த்தை, "சொல்லுங்க அண்ணாச்சி." கடை இருப்பது வேறு மாவட்டத்தில். ஆனாலும் நம்ம ஊர்ப் பேச்சு. "ஓண லோடு நேரம், நீங்க வண்டியை நிறுத்தி வச்சிருக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி, எங்க அப்பாவும் லாரி ஓட்டினவருதான்" என்றான். அந்த இடத்தில்தான் விழுந்தேன். என் கஷ்டம் தெரிந்த பிள்ளை என்று மனசு இளகிவிட்டது. பழைய பெட்டியைப் பார்சலில் அனுப்பச் சொன்னான், அனுப்பினேன். மறுநாள் வீடியோ கால் போட்டான். மேஜை மேல் ஒரு பெட்டி, அதிலிருந்து வயர்கள், நான்கு சின்ன பல்பு. பல்பு நான்கும் வரிசையாக மின்னின. "இன்ஜெக்டர் நாலும் அடிக்குது பாருங்க. உங்க சேஸிஸ் நம்பர்தான் ஏத்தியிருக்கேன்" என்று கடைசி ஐந்து எழுத்தையும் வாசித்துக் காட்டினான். ஆர்சி புத்தகத்தை நானேதான் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தேன். அதைப் பார்த்து யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று அப்போது தோன்றவில்லை.

"பழைய பெட்டி உள்ள எரிஞ்சு போச்சு, அதை நாங்க எடுத்துக்கிட்டு புதுசா ஒண்ணு தர்றோம், ஆறு மாசம் வாரண்டி" என்றான். முன்பணம் 20,000. அனுப்புவதற்கு முன் மீதி 18,500. மொத்தம் 38,500 ரூபாய். பணம் போனது கடைப் பெயரில் உள்ள கணக்குக்கு இல்லை, யாரோ ஒருவர் பெயருக்கு. பில் கேட்டேன். "பெட்டியோட வச்சு அனுப்புறேன் அண்ணாச்சி." பெட்டி வந்தது, பில் வரவில்லை.

மாட்டினோம். ஸ்டார்ட் ஆனது. கொஞ்சம் புகை, கொஞ்சம் தட்டல் சத்தம். "செட் ஆக நாலு நாள் எடுக்கும்" என்றான். 9 நாள் ஓடியது. ஒன்பதாம் நாள், 40 பெட்டி தக்காளியும் சேனையும் ஏற்றிக்கொண்டு போகும்போது கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அணைந்தது. அடை மழை. சாவியைத் திருப்பினால் டிக் என்ற சத்தம்கூட இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து வேறு வண்டி பிடித்து லோடை மாற்றினேன். நனைந்த தக்காளிக்கு வியாபாரி பிடித்த காசு தனிக் கதை. என் வண்டியைக் கட்டி இழுத்துப் புனலூரில் ஒரு வயரிங் கடையில் விட்டேன். அவருக்குக் கை நிறைய வேலை, பார்க்க நான்கு நாள் ஆகும் என்றார்.

அந்த நான்கு நாளும் நான் போன் அடித்த கதைதான் எனக்கு இன்னும் எரிகிறது.

முதல் நாள், "டவர் இல்ல அண்ணாச்சி, சாயங்காலம் நானே கூப்பிடுறேன்." கூப்பிடவில்லை. இரண்டாம் நாள் வேறு ஒருவன் எடுத்தான், "டெக்னிக்கல் பையன் கல்யாணத்துக்குப் போயிருக்கான்." மூன்றாம் நாள் காலையில், பெட்டியைக் கண்ணால்கூடப் பார்க்காமல், "தண்ணி இறங்கியிருக்கும், தண்ணி பட்டா வாரண்டி கிடையாது" என்றான். அன்று மத்தியானம், "சாஃப்ட்வேர் திரும்ப ஏத்தணும், 6,000 போடுங்க." போட மாட்டேன் என்றேன். "ஒன்பது நாள் ஓடுச்சுல்ல? அப்ப நாங்க கொடுத்தது நல்ல சாமான்தானே?" என்று என்னையே திருப்பிக் கேட்டான். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன் என்று சொன்னதும்தான் குரல் மாறியது. "மஞ்சள் போர்டு வண்டிக்குக் கன்ஸ்யூமர் கோர்ட்டே கிடையாது சார், போய் விசாரிச்சுப் பாருங்க." அண்ணாச்சி அன்றோடு சார் ஆகிவிட்டார்.

நேற்று அந்த வயரிங் கடைக்காரர் வண்டியைத் தொட்டார். அறுபது வயது இருக்கும். ஸ்கேனரை எடுக்கவே இல்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்தார், மறு முனையை என்ஜின் பாடியில் வைத்தார், என்னை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொன்னார். மீட்டரில் 1.8 வோல்ட் காட்டியது. எர்த் சரியாக இருந்தால் அங்கே 0.2-க்கு மேல் போகக்கூடாதாம். பேட்டரி தட்டைக் கழற்றினார். அதன் அடியில் சேஸிஸோடு சேரும் எர்த் வயரின் முனை பச்சையாகப் பூத்துப்போய், நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. எர்த் இல்லாமல் வோல்டேஜ் குலைந்தால் நல்ல இசிஎம்கூட உள்ளே பழுது என்று கோட் நம்பர் காட்டிவிடும் என்றார். அப்படியென்றால் ஒன்பது நாள் எப்படி ஓடியது? பெட்டி மாற்றும்போது பேட்டரியை எடுத்து வைத்து, எல்லா போல்ட்டையும் இறுக்கினோமே, அதனால்தான். புது வயர், வயர் முனையில் மாட்டும் புது லக், கூலி எல்லாம் சேர்த்து 350 ரூபாய் வாங்கினார். சாவி போட்டதும் ஸ்டார்ட்.

அதற்குப் பிறகுதான் ஸ்கேனர் மாட்டினார். அந்தப் பெட்டியில் இருந்த சேஸிஸ் நம்பர் என்னுடையது இல்லை. டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கோட் நம்பர் அடித்திருக்கும், அதை இசிஎம்மில் ஏற்ற வேண்டும். அதில் இருந்தது வேறு வண்டியின் கோட் நம்பர், புகைக்கும் தட்டலுக்கும் காரணம் அதுதான். இம்மொபிலைசரையும் அணைத்து வைத்திருக்கிறார்கள். அதாவது இந்த நிமிஷம் என் வண்டிக்கு ஒரு டூப்ளிகேட் சாவி வெட்டினால் போதும், எவனும் ஓட்டிக்கொண்டு போகலாம். மேலே ஒட்டியிருந்த புது லேபிளை ஒரு ஓரமாக உரித்தோம், அடியில் இன்னொரு லேபிள் கிழிந்த தடம். மூடியைச் சுற்றி ஈரம் காயாதது போலச் சாம்பல் நிறச் சிலிக்கான்.

ஆக, என் பெட்டியில் பழுதே இருந்திருக்காது. நல்ல பெட்டியை என் கையாலேயே பார்சல் கட்டிக் கொடுத்து, கூடவே 38,500 ரூபாயும் கொடுத்து, எவனோ ஒருவன் வண்டியில் கழற்றிய பெட்டியை வாங்கி மாட்டியிருக்கிறேன். 350 ரூபாய் வேலைக்கு.

விவரமாக ஆலோசனை எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இசிஎம் என்று யார் சொன்னாலும் முதலில் பேட்டரி, எர்த், ஃபியூஸ், ரிலே, கனெக்டர் பின் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பெட்டியைக் கொடுக்காதீர்கள், கொடுத்தே ஆகவேண்டும் என்றால் லேபிளில் உள்ள எண்களைப் படம் எடுத்து வையுங்கள். மாட்டிய அன்றைக்கே ஸ்கேனரில் சேஸிஸ் நம்பர் பாருங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாய் போடாதீர்கள். மஞ்சள் போர்டு என்றால் வழி இல்லை என்பது பொய். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கிய பொருளுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும், வக்கீலிடம் கேட்டுவிட்டேன். நம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு இன்று காலை பேசிப் புகார் எண் வாங்கிவிட்டேன்.

இன்னொன்று. போன ஆயுத பூஜைக்கு என் மகள் பானெட்டுக்குள் கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். இசிஎம் பெட்டியின் அலுமினிய மூடியிலும் மூன்று பொட்டு. துடைத்தும் போகாமல் பள்ளங்களில் சிவப்பாகத் தங்கிவிட்டது. அப்படி ஒரு பெட்டி "புதுசு" என்று உங்கள் கைக்கு வந்தால், தயவுசெய்து எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அது என்னுடையது.