வெப் ஆப் மெயில் ஸ்பாமில் விழாமலிருக்க: சொந்த போஸ்ட்ஃபிக்ஸா, அமேசான் எஸ்இஎஸ்ஸா?

ஓடிபி, பாஸ்வேர்டு ரீசெட், ஆர்டர் ரசீது என்று மாதம் சில ஆயிரம் மெயில் அனுப்பும் ஆப். விபிஎஸ்ஸில் (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்) போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளைப் போட்டு நாமே அனுப்புவதா, நமக்காக மெயில் அனுப்பித் தரும் அமேசான் எஸ்இஎஸ் போன்ற சேவையிடம் விடுவதா? நான் எஸ்இஎஸ் கட்சி. இப்போது ஓட்டுவதும் அதைத்தான்.

எஸ்பிஎஃப் (டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகேஐஎம் (மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் (இவற்றில் ஒன்றாவது அனுப்புநர் டொமைனோடு பொருந்துகிறதா என்ற சோதனை) மூன்றும் எந்த வழியில் போனாலும் வேண்டும். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் ரெக்கார்டு ஒன்றுதான். அதற்குள் டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டினால் மொத்தமும் செல்லாது. இவை சரியாக இருந்தாலே இன்பாக்ஸ் நிச்சயம் என்று நினைக்க வேண்டாம், ஸ்பாம் அனுப்புகிறவனும் இவற்றைச் சரியாகவே வைத்திருக்கிறான். செலவைப் பற்றியும் அதிகம் பேச ஒன்றுமில்லை. எஸ்இஎஸ்ஸில் ஆயிரம் மெயிலுக்கு 10 சென்ட்.

தீர்மானிப்பது மெயில் அனுப்பும் ஐபியின் ரெப்யூட்டேஷன் (நற்பெயர்), அதைக் காப்பாற்றும் வேலை. விபிஎஸ்ஸோடு வரும் ஐபியை முன்பு யார் வைத்திருந்தார், என்ன அனுப்பினார் என்று நமக்குத் தெரியாது. பக்கத்து ஐபிகள் செய்த பாவமும் நம் தலையில்தான் விடியும். அவுட்லுக்கிலிருந்து 550 5.7.1 என்று திரும்பி, கூடவே எஸ்3150 என்ற குறியும் இருந்தால், உங்கள் நெட்வொர்க்கின் ஒரு பகுதி அவர்களுடைய தடைப் பட்டியலில் இருக்கிறது என்று பொருள். உங்கள் சர்வரில் திருத்த ஒன்றுமே இருக்காது. மைக்ரோசாஃப்ட்டுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

மாதம் சில ஆயிரம் என்பது இன்னொரு சிக்கல். நல்ல பெயர் எடுக்க ஐபியிலிருந்து சீராக மெயில் போய்க்கொண்டிருக்க வேண்டும். இவ்வளவு குறைவாக அனுப்பும் ஐபி, பெரிய மெயில் நிறுவனங்களின் கண்ணுக்கு எப்போதும் புது முகம்தான். எஸ்இஎஸ்ஸில் பலர் பகிரும் ஐபிகள் ஏற்கெனவே ஓட்டத்தில் இருப்பவை. ஒழுங்கு தவறுகிற வாடிக்கையாளரை நிறுத்தி வைக்கும் வேலையும் அமேசானுடையது.

போஸ்ட்ஃபிக்ஸில்தான் என்று நின்றால், முதலில் மெயில் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் 25-ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்; கூகுள் கிளவுட், டிஜிட்டல்ஓஷன் போன்ற இடங்களில் அடைத்தே தருவார்கள். அடுத்தது பிடிஆர் ரெக்கார்டு, அதாவது ஐபிக்கு என்ன பெயர் என்று காட்டும் டிஎன்எஸ் பதிவு. இதை டொமைன் வாங்கிய இடத்தில் தேடினால் கிடைக்காது, விபிஎஸ் பேனலில்தான் வைக்க வேண்டும். அது காட்டும் பெயர் திரும்ப அதே ஐபிக்கே வர வேண்டும். இல்லையென்றால் ஜிமெயில் 550-5.7.25 சொல்லித் திருப்பிவிடும். சில மெயில் போகிறது, சில திரும்புகிறது என்றால் ஐபிவி6-ஐச் சந்தேகியுங்கள்: ஐபிவி4-க்கு மட்டும் பிடிஆர் வைத்திருப்பீர்கள், போஸ்ட்ஃபிக்ஸோ இரண்டிலும் மாற்றி மாற்றி அனுப்பும். ஐபிவி4 மட்டும் என்று அமைத்தால் திரும்புவது நின்றுவிடும்.

எஸ்இஎஸ்ஸும் சும்மா வராது. புதுக் கணக்கு சாண்ட்பாக்ஸில் இருக்கும்: 24 மணி நேரத்துக்கு 200 மெயில், அதுவும் சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும். வெளியே வர விண்ணப்பிக்கும்போது யாருக்கு, எதற்காக அனுப்புகிறீர்கள், மெயில் சேராமல் பவுன்ஸ் ஆகித் திரும்பினால் என்ன செய்வீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். டிகேஐஎம்முக்கு டிஎன்எஸ்ஸில் மூன்று சிநேம் (CNAME) ரெக்கார்டு போட்டால் போதும். ஆனால் ஜிமெயிலில் ‘ஷோ ஒரிஜினல்’ திறந்து பாருங்கள்: எஸ்பிஎஃப் ‘பாஸ்’ என்றிருக்கும், ஆனால் பாஸ் ஆனது அமேசானின் டொமைன், உங்களுடையது அல்ல. டிமார்க்கைத் தாங்கி நிற்பது டிகேஐஎம் மட்டுமே. ஒரு சப்டொமைனை ‘மெயில் ஃப்ரம்’ (பவுன்ஸ் திரும்பி வரும் முகவரியின் டொமைன்) ஆக வைத்து, அதற்கு ஒரு எம்எக்ஸ் (மெயில் வந்து சேரும் சர்வரைக் காட்டுவது), ஒரு எஸ்பிஎஃப் ரெக்கார்டு சேர்த்தால் எஸ்பிஎஃப்பும் உங்கள் பெயரில் நிற்கும்.

பிறகு பவுன்ஸ். 5 சதவீதத்தைத் தொட்டால் கணக்கை ஆய்வில் வைப்பார்கள், 10-ஐத் தாண்டினால் நிறுத்தவும் செய்வார்கள். ஸ்பாம் புகாருக்கு இதே எல்லைகள் 0.1, 0.5 சதவீதம். அமேசானின் அறிவிப்புச் சேவையான எஸ்என்எஸ் வழியாக வரும் பவுன்ஸ் அறிவிப்பை உங்கள் ஆப்பின் வெப்ஹூக்கில் (இப்படிப்பட்ட அறிவிப்பு வந்து சேரும் யூஆர்எல்) வாங்கி, அந்த முகவரிக்கு இனி அனுப்பாதபடி டேட்டாபேஸில் குறித்துவிடுங்கள். பதிவுப் படிவத்தில் பாட்கள் பொய் முகவரிகளைக் கொட்டுவதுதான் பெரும்பாலும் பவுன்ஸுக்குக் காரணம், அங்கே கேப்ட்சா போடுங்கள். ஜிமெயிலில் யார் ஸ்பாம் பட்டனை அழுத்தினார் என்று எஸ்இஎஸ்ஸுக்கும் தெரியாது. கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் மொத்த விகிதம் மட்டும் தெரியும்.

போஸ்ட்மார்க் என்ற இன்னொரு மெயில் சேவையின் விலை பல மடங்கு. ஆனால் ரசீதுக்கும் நியூஸ்லெட்டருக்கும் தனித்தனி ஸ்ட்ரீம் தருவதால், ஒன்றின் கெட்ட பெயர் மற்றொன்றில் ஒட்டுவது குறைவு. பணம் பிரச்சினை இல்லையென்றால் அதுவும் சரியான தேர்வுதான்.

சொந்த ஆபீஸ் மெயில்பாக்ஸுக்கு மட்டும் அலர்ட் அனுப்ப போஸ்ட்ஃபிக்ஸ் தாராளமாகப் போதும். தினம் லட்சக்கணக்கில் அனுப்புபவர்களுக்குத் தனி ஐபி வைப்பதன் லாப நட்டக் கணக்கு வேறு மாதிரி வரலாம், அவர்களுக்கும் இதே முடிவு என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

போஸ்ட்ஃபிக்ஸிலிருந்து மாறுகிறீர்களா? பழைய டிகேஐஎம் செலக்டரை (கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவி இருக்கும் டிஎன்எஸ் ரெக்கார்டு) அன்றே அழிக்காதீர்கள். போகாத மெயிலை போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக 5 நாள் வரை க்யூவில் வைத்து முயலும். அவற்றில் இருப்பது பழைய கையெழுத்து. க்யூ காலியானதும் செலக்டரையும், எஸ்பிஎஃப்பில் இருக்கும் பழைய ஐபியையும் எடுத்துவிடலாம்.