வழக்கே போடாமல் வாய்தா சொல்லும் வக்கீல்: மலைக்காரர்கள் கவனத்துக்கு

கோத்தகிரி பக்கம் அரை ஏக்கர் தேயிலைக்குப் பாகப்பிரிவினை கேட்டவர் ஒருவர். கோர்ட் ஃபீஸ் என்று கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்கவில்லை. இரண்டு வருஷமாக அவர் கையில் சேர்ந்ததெல்லாம் குமாஸ்தா பென்சிலால் தேதி கிறுக்கிக் கொடுத்த துண்டுச் சீட்டுகள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் இலை பறிப்பை விட்டுவிட்டு ஊட்டிக்குப் பஸ் ஏறினார். கடைசியில் விசாரித்தால், வழக்கே தாக்கலாகவில்லை.

பதிவான வழக்கு ஒவ்வொன்றுக்கும் சி.என்.ஆர். என்ற தனி அடையாள எண் உண்டு. எழுத்தும் இலக்கமுமாக 16 இடம். கடைசி நான்கு இடம் எந்த வருஷத்து வழக்கு என்பதைக் காட்டும். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா தெரிந்துவிடும். பணம் கொடுத்தபின் அந்த எண்ணைக் கேளுங்கள். மழுப்பினால் அன்றைக்கே உஷாராகுங்கள்.

ஃபீஸ் பாக்கி என்று சொல்லி மூலப் பத்திரத்தையோ கேஸ் கட்டையோ பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை கிடையாது. 2000இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஜெயித்தால் நிலத்தில் பங்கு என்று பேசுவதும், வக்கீல்களைக் கட்டுப்படுத்தும் அமைப்பான பார் கவுன்சிலின் விதிப்படி தப்பு.

புகார் போக வேண்டிய இடம் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம், பிரிவு 35. 'ஏமாற்றிவிட்டார்' என்று பொத்தாம்பொதுவாக எழுதிய மனு நிற்காது. எந்தத் தேதியில், எவ்வளவு, எப்படிக் கொடுத்தீர்கள், என்ன பதில் வந்தது என்று வரிசையாக எழுதி, உண்மை என உறுதிமொழியுடன் கையெழுத்திடுங்கள். ஜிபே விவரம், வாட்ஸ்அப் செய்தி, காகிதங்களைத் திருப்பிக் கேட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிய கடிதத்தின் நகல் எல்லாம் சேருங்கள். வழக்கில் தோற்றது மட்டும் புகாருக்குக் காரணமாகாது. பணத்தை வாங்கிவிட்டு வேலையைச் செய்யாதது காரணமாகும். குற்றம் உறுதியானால் கண்டிப்பு, தற்காலிகத் தடை, அல்லது பதிவேட்டிலிருந்தே பெயர் நீக்கம். தடைக்காலத்தில் இந்தியாவில் எந்தக் கோர்ட்டிலும் அவர் ஆஜராக முடியாது. மாநில கவுன்சில் ஒரு வருஷத்துக்குள் முடிக்காவிட்டால் புகார் இந்திய பார் கவுன்சிலுக்குப் போகும். நுகர்வோர் கோர்ட்டுக்கு அலையாதீர்கள். வக்கீல் சேவை அதில் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

இதைவிட அவசரம் ஒன்று உண்டு. உங்கள்மேல் போட்ட வழக்கில் வக்கீல் ஆஜராகாமல், உங்கள் தரப்பைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகியிருந்தால், அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான். பார் கவுன்சில் புகார் அந்தக் கெடுவை நிறுத்தாது. முதலில் வேறு வக்கீலைப் பிடித்து, உங்களுக்காக ஆஜராக அவருக்கு அதிகாரம் தரும் மாற்று வக்காலத்து போடுங்கள். பழையவர் சம்மதக் கையெழுத்து தர மறுத்தால், கோர்ட் அனுமதி கேட்டு மனு போடலாம். நாள் தவறிவிட்டால் தாமதத்துக்கான காரணத்தையும் கோர்ட்டில் விளக்க வேண்டிவரும். அந்தத் துண்டுச் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.