சாஃப்ட் பிளாஸ்டிக் இரைகளை எதில் வைப்பது: பாக்கெட்டா, பெட்டியா, பைண்டரா?

கழிமுகத்தில் கொடுவாவுக்கும் ஏரியில் விராலுக்கும் சாஃப்ட் பிளாஸ்டிக், அதாவது தூண்டில் முள்ளில் மாட்டும் மெத்தென்ற செயற்கை இரை, வீசுகிறவர்கள் இப்போது தமிழ்நாட்டில் நிறையப் பேர். சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கிய பாக்கெட்டை மீன் கடித்துக் கிழித்தால் யாருக்கும் வருத்தமில்லை. வீட்டு அலமாரியிலேயே அது உருகி ஒட்டிப்போவதுதான் வயிற்றெரிச்சல்.

இவற்றைப் பாதுகாக்க நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. வந்த பாக்கெட்டிலேயே விடுவது, தடுப்பு வைத்த பெட்டியில் அடுக்குவது, பக்கம் பக்கமாகப் பைகள் கொண்ட பைண்டரில் செருகுவது, சாதாரண ஜிப் பையில் போடுவது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் பாக்கெட், தோள்பையில் பைண்டர், பெட்டி அன்றைய ஒரு நாளுக்கு மட்டும். வடிவத்தையோ நிறத்தையோ பார்த்துப் பிரிப்பதை விட, எந்தப் பொருளால் ஆனது என்று பார்த்துப் பிரிப்பதுதான் முக்கியம்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஏக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் 1949-இல் தன் வீட்டுச் சமையலறையில் பிளாஸ்டிக் புழுவை வார்த்தெடுத்தார். இன்றைக்கும் பெரும்பாலானவை ஏறக்குறைய அதே வழியில்தான் உருவாகின்றன. பி.வி.சி. தூளை எண்ணெய் போன்ற ஒரு மென்மையூட்டியில் கலந்து, சூடாக்கி, அச்சில் ஊற்றுகிறார்கள். பி.வி.சி. இயல்பில் விறைப்பானது, வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதே பொருள்தான். புழுவை நெளிய வைப்பது அந்த மென்மையூட்டி. அது பிளாஸ்டிக்கோடு வேதிப் பிணைப்பில் இல்லாததால் மெல்ல மெல்ல வெளியே கசிந்து, எதைத் தொடுகிறதோ அதற்குள் இறங்குகிறது. சாயமும் கூடவே கிளம்பிவிடும். கறுப்பும் சிவப்பும் வெள்ளையோடு ஒரே அறையில் கிடந்தால் வெள்ளையின் கதை முடிந்தது. ஏறிய சாயத்தைக் கழுவி எடுக்க வழியில்லை.

பெட்டியில் அடுக்குவதன் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. திறந்தவுடன் எல்லாம் கண்ணுக்குத் தெரிவது பெட்டியின் பெரிய வசதி, அதை மறுக்க மாட்டேன். ஆனால் மணி, பொத்தான் வைப்பதற்கென்று விற்கும் மலிவான கண்ணாடி போன்ற பெட்டிகளில் பல பாலிஸ்டைரீனால் ஆனவை. மென்மையூட்டி அதைக் கரைத்து, இரையும் பெட்டியும் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். வாங்கும்போது அடியில் இருக்கும் முக்கோணக் குறியைப் பாருங்கள். 6 என்றால் பாலிஸ்டைரீன், தொடவே வேண்டாம். 5 என்றால் பாலிப்ரோப்பிலீன், தாராளமாக வாங்கலாம். குறி இல்லாவிட்டால் மூடியை லேசாக வளைத்துப் பாருங்கள்: பாலிப்ரோப்பிலீன் சற்றே பால் நிறத்தில் இருக்கும், வளையும், பாலிஸ்டைரீன் பளிச்சென்று இருக்கும், வளைத்தால் விரிசல் விடும். பிளானோ போன்ற தூண்டில் பெட்டி நிறுவனங்களின் பெட்டிதான் வேண்டும் என்பதில்லை. சமையலறையில் பருப்பு வைக்கும் டப்பாக்களிலேயே 5 குறியுள்ளவை ஏராளம்.

சரியான பெட்டியாக இருந்தாலும் இரண்டு வகை இரைகளை அதில் போடக்கூடாது. ஒன்று, இசட்-மேன் நிறுவனத்தின் எலாஸ்டெக் போல, இழுத்தால் பல மடங்கு நீளும் எலாஸ்டோமர் இரைகள். இவை பி.வி.சி. இரையைத் தொட்டால் இரண்டுமே கூழாகும். இவற்றை வந்த பாக்கெட்டிலேயே வைக்கும்படி தயாரிப்பாளரே சொல்கிறார். மற்றொன்று, பெர்க்லி கல்ப் போன்ற நீர் சேர்ந்த இரைகள். காற்றுப் பட்டால் இவை சுருங்கிக் கல்லாகிவிடும். சாறோடு வந்தவற்றைச் சாறோடுதான் வைக்க வேண்டும். அவை வரும் ஜாடியைப் படுக்க வைத்தால் பை முழுக்க நாற்றம் என்பதால், நிமிர்ந்து நிற்க இடம் ஒதுக்குங்கள்.

இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை பாக்கெட்டில் இல்லை. அந்த இரைக்குப் பொருந்தும் பை, அதன் வாசனை எண்ணெய், பெயர், அளவு எல்லாம் ஒன்றாக வருகின்றன. சில நிறுவனங்கள் வால் மடங்காமலிருக்க உள்ளே அச்சுத் தட்டும் தருகின்றன. கெய்டெக் நிறுவனத்தின் மீன் வடிவ இரைகள் அப்படித்தான் வரும். அந்தத் தட்டை இடத்தை அடைக்கிறது என்று தூக்கி எறிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. வால் மடங்கிய பேடில் டெயில் (துடுப்பு போன்ற வாலுள்ள மீன் இரை) நேராக நீந்தாது, ஒரு பக்கமாகச் சுழலும். ஏற்கனவே மடங்கிவிட்ட பி.வி.சி. வாலைச் சூடான நீரில் அரை நிமிடம் முக்கி, நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் இட்டால் பெரும்பாலும் சரியாகும்.

பாக்கெட்டின் குறை, தேடுவது. அதற்கு நான் பின்பற்றும் முறை எளிது: ஆழமான பிளாஸ்டிக் தொட்டியில் பாக்கெட்டுகளை அலுவலகக் கோப்புகளைப் போல நிறுத்தி வைக்கிறேன். பி.வி.சி. ஒரு தொட்டி, எலாஸ்டோமர் வேறு தொட்டி. அதற்குள் வேண்டுமானால் புழு, மீன், இறால் என்று பிரித்துக்கொள்ளலாம்.

பைண்டர் என்பது இந்த முறையைக் கையில் எடுத்துப் போவதற்கான துணி உறை. முட்டுக்காட்டிலோ பழவேற்காட்டிலோ கரையோரம் நடந்தே வீசுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் உள்ளிருக்கும் பைகளில் இரையை வெறுமனே கொட்டாதீர்கள்; பாக்கெட்டோடு செருகுங்கள். அதிகமாகத் திணித்தால் வால்கள் நசுங்கும். படகில் போகிறவருக்குப் பைண்டரின் அவசியம் குறைவு. அங்கே தொட்டியையே ஏற்றிவிடலாம், நிழலில் இருந்தால் போதும். கோடையில் மூடிய காரில் மட்டும் எதையும் விட்டுவராதீர்கள். அந்தச் சூட்டில் எண்ணெய் கசிந்து, இரை வளைந்து, எந்த முறையில் வைத்திருந்தாலும் வீண்.

ஜிப் பை? பயன்படுத்திய இரைகளுக்கு மட்டும். மெல்லிய பையில் வாசனை நிற்காது, எண்ணெயும் நாளடைவில் வெளியே பிசுபிசுக்கும். ஆனால் கடல்நீர் பட்டதைப் புதிய பாக்கெட்டுக்குள் திரும்பப் போடுவதைவிட அது எவ்வளவோ மேல். முதலில் ஜிக் தலையை, அதாவது எடையோடு சேர்ந்த தூண்டில் முள்ளை, கழற்றிவிடுங்கள். சென்கோ என்ற புழு இரையைப் போல உப்புச் சேர்த்த இரை ஈரத்தை இழுத்து முள்ளைத் துருப்பிடிக்க வைக்கும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, அடர் நிறங்களை ஒரு பையிலும் வெளிர் நிறங்களை இன்னொன்றிலும் போட்டு, எந்த நிறுவனத்தின் இரை என்று மேலே எழுதிவிடுங்கள். விராலுக்கான, உள்ளே வெற்றிடமான தவளை வடிவ இரைகளை அந்தப் பைக்குள் திணிக்க வேண்டாம். வயிற்றை அழுத்தி உள்ளே புகுந்த தண்ணீரை வெளியேற்றி, காய்ந்த பிறகு 5 குறியுள்ள பெட்டியில் அறைக்கு ஒன்றாக வையுங்கள்.