சலாது வளக்கிற ஹைட்ரோபோனிக் செட்: வாய்க்கால் நல்லம், பைப் வேலை சரியில்ல

மொதல்லயே சொல்லிடுறேன், மண்ணே இல்லாம உரம் கலந்த தண்ணியிலயே சலாது எல (லெட்டியூஸ்) வளக்கிற இந்த ஹைட்ரோபோனிக் செட்ட வாங்கலாம், ஆனா முழுசா வாங்காதீங்க. தண்ணி ஓடுற வாய்க்கால், தண்ணில கரைக்கிற உர உப்பு, செடி நிக்கிற நெட் கப் இதெல்லாம் குடுத்த காசுக்கு தகும். பைப் சாமானையும் மீட்டரையும் மட்டும் அவங்ககிட்ட எடுக்காம அந்த காச டவுன் ஹார்ட்வெயார்ல குடுத்தீங்கன்னா பாதி தலைவலி மிச்சம். கடை பேரு போட மாட்டேன், கொழும்பு பக்கத்துல இருந்து லொறியில ஏத்தி அனுப்புறவங்க, ரெண்டு தம்பிமாரு கூட வந்து பூட்டி குடுத்துட்டு போனாங்க, நல்ல புள்ளைங்க, மரியாதைக்கு ஒரு கொறையும் இல்ல. என்ன பிரச்சினைன்னா இந்த செட்ட யோசிச்ச ஆளு கொழும்பு வெக்கையில உக்காந்து யோசிச்சிருக்காரு, நாங்க இருக்கிறது மலைக் குளிருல, நானுஓயா பக்கம்.

செட்டுல என்ன வரும்னா, 3 மீட்டர் நீளத்துல ஆறு வெள்ள வாய்க்கால், மூடிய கழட்டி கழுவலாம், 100 லீட்டர் டேங்க், தண்ணிக்குள்ள முங்கிக் கெடக்கிற பம்ப், ஏ பாக்கெட் பி பாக்கெட் உப்பு, பேனா மீட்டர் ரெண்டு, பி.எச். (தண்ணி அமிலமா காரமான்னு காட்டுற அளவு) கொறைக்கிற அசிட் ஒரு போத்தல். பம்ப் தண்ணிய மேல ஏத்தும், அது வாய்க்கால்ல மெல்லிசா படலமா ஓடி வேர நனைச்சுட்டு திரும்ப டேங்குக்கே வந்து விழும், அதே தண்ணி சுத்திக்கிட்டே இருக்கும். இதத்தான் என்.எஃப்.டி.ன்னு சொல்றாங்க. மண்ணுல போடுற சலாதுக்கு நத்தையும் மழைச் சேறும் எமன், ஹோட்டல்காரங்க சேறு ஒட்டுன எலய கையால தொட மாட்டாங்க, ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவுல சுத்தமான சலாதுக்கு இருக்கிற கிராக்கிய நெனச்சுதான் வாங்கினோம்.

வாய்க்கால பத்தி கொற சொல்ல ஒண்ணும் இல்ல. அடி தட்டையா இருக்கு, அதனால தண்ணி ஒரு பக்கமா ஒதுங்காம பரவலா ஓடுது, ரவுண்ட் பி.வி.சி. பைப்ல ஓட்ட போட்டு பண்றவங்களுக்கு இந்த சொகம் கெடைக்காது. ஸ்டேண்ட்தான் கொஞ்சம் பாக்கணும், ரெண்டு முனையிலயும் நடுவுல ஒண்ணுமா மூணு கால் குடுத்திருக்காங்க, செடி பெருசாகி பாரம் ஏறுனா காலுக்கும் காலுக்கும் நடுவுல லேசா தொங்குது, தொங்குன எடத்துல தண்ணி தேங்கும், தேங்குன எடத்துல வேரு பழுப்பாகும். 30க்கு 1ல இருந்து 40க்கு 1 வரைக்கும் சரிவு வேணும், அதாவது 3 மீட்டர் வாய்க்காலுக்கு ஒரு முனைக்கும் மத்த முனைக்கும் ஏழரை சென்ரிமீட்டர்ல இருந்து பத்து வரைக்கும் வித்தியாசம். நம்ம மலையில சமமான தரைய எங்க தேடுறது, அதனால கண்ணால பாத்து வைக்காம பாஸ்மாரு வச்சிருக்கிற அந்த ட்யூப் மட்டத்துல தண்ணி ஊத்தி பாத்து கால்கள தூக்கி எறக்கி வையுங்க. எங்களுக்கு வேலை செஞ்ச பைப் பாஸ் இன்னும் ரெண்டு ஜி.ஐ. கால் அடிச்சு குடுத்தாரு, தொங்கலே இல்லாம போச்சு.

இப்ப திரும்பி வர்ற பைப்புக்கு வருவோம், எனக்கு கோவம் வர்ற எடமே இதுதான். ஆறு வாய்க்கால் தண்ணியும் சேந்து டேங்குக்கு எறங்குற லைனுக்கு ஒரு இன்ச் பைப் குடுத்திருக்காங்க, அதுலயும் 90 பாகை எல்போ மூணு. ஏத்துற பக்கம் பம்ப் தள்ளும், சின்ன பைப்பா இருந்தாலும் பரவால்ல, ஆனா எறங்குற பக்கம் தண்ணிய தள்ள யாரும் இல்ல, தன் பாரத்துலதான் எறங்கணும், கூடவே காத்தும் உள்ள போய்வர எடம் வேணும். சலாது வேரு நீண்டு வாய்க்கால் வாய் வரைக்கும் வந்து, அதுல ரெண்டு நூல் அறுந்து எல்போவுல மாட்டுனா அவ்வளவுதான், வாய்க்கால் நெரம்பி கடைசி மூடி வழியா வழிஞ்சு டேங்க் காலியாகி பம்ப் வெறும் காத்துல சுத்த ஆரம்பிச்சிரும். பாஸ் அத பாத்த ஒடனே "அக்கா, இது என்ன சிரிஞ்சியா"ன்னு கேட்டாரு. ரெண்டு இன்ச் பைப் போட்டு, எல்போவுக்கு பதிலா 45 பாகை பெண்ட் போட்டு, ஒவ்வொரு வாய்க்கால் வாயிலயும் கழட்டி கழுவுற மாதிரி ஒரு வலை வச்சு, டேங்குல தண்ணி விழுற எடத்துல பைப்ப தண்ணிக்குள்ள முக்காம ஒரு சாண் மேலயே நிறுத்தினாரு, அந்த ஒயரத்துல இருந்து கொட்டும்போது காத்து கலக்குது, வேருக்கு ஒட்சிசன் சும்மா கெடைக்குது.

ஏத்துற பக்கத்துல யூனியன் (திருகி கழட்டுற ஜொயின்ட்) ஒண்ணு கூட இல்ல, எல்லாத்தையும் கம் போட்டு ஒட்டி வச்சிருக்காங்க, பம்ப்ப கழட்டி கழுவணும்னா பைப்ப அறுக்கணும்! பால் வால்வும் ஒண்ணே ஒண்ணுதான், அதனால பம்ப்புக்கு கிட்ட இருக்கிற வாய்க்காலுக்கு தண்ணி கொட்டுது, கடைசி வாய்க்கால் ஒண்ணுக்குப் போற கணக்கா சொட்டுது. வாய்க்காலுக்கு ஒரு சின்ன வால்வ் போட்டு, வாளியும் கையுமா நின்னு நிமிஷத்துக்கு ஒண்ணுல இருந்து ரெண்டு லீட்டருக்குள்ள வர்ற மாதிரி திருப்பி வச்சுக்கோங்க. எல்லாம் பிளாஸ்டிக் வால்வா எடுங்க, பித்தளையும் ஜி.ஐ. சாமானும் அசிட் கலந்த உப்புத் தண்ணில செம்பையும் துத்தநாகத்தையும் விட்டுக்கிட்டே இருக்கும், தண்ணி சுத்தி சுத்தி வர்றதால அது வெளிய போகவும் வழியில்ல. கண்ணாடி மாதிரி தெரியுற ஹோஸ் குடுத்தாங்கன்னா அதையும் மாத்திருங்க, வெளிச்சம் பட்டா பாசி.

பம்ப் பரவால்ல. பெட்டியில மணிக்கு 2000 லீட்டர்னு போட்டிருக்கும், அது தண்ணிய கொஞ்சம் கூட தூக்காதப்ப வர்ற கணக்கு, தூக்கத் தூக்க கொறையும், பெட்டியில போட்டிருக்கிற உச்ச ஒயரத்துக்கு போனா ஒண்ணுமே வராது. ஆறு வாய்க்காலுக்கு நிமிஷத்துக்கு ஒன்றரை லீட்டர் வச்சு பாத்தா மணிக்கு 540தான் தேவ, அதுக்கு இது தாராளம். ஆனா கரண்ட் போனா என்ன பண்றதுன்னு ஒரு வரி கூட அவங்க சொல்லல. என்.எஃப்.டி.ல வேர சுத்தி தண்ணி சேமிப்பே கெடயாது, வெயில் நாள்னா கொஞ்ச நேரத்துலயே எல வாடிரும். 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டுன நாடு இது, அத விடுங்க, 2025 பெப்ரவரி 9ந்தேதி பாணந்துறை கிரிட்ல ஒரு குரங்கு பாஞ்சதுக்கு நாடு பூரா இருண்டு போச்சு, குரங்க நம்பி எல்லாம் சலாது போட முடியாதுங்க. ஒரு 12 வோல்ட் பட்டரியும் சின்ன டீ.சி. பம்ப்பும் தனியா வச்சிருங்க. இன்னொண்ணு, டேங்க கழுத்து வரைக்கும் நெரப்பாதீங்க, பம்ப் நிண்டா வாய்க்கால்ல இருக்கிற தண்ணி பூரா கீழ எறங்கும், அதுக்கு எடம் வேணும்.

உப்பு நல்ல உப்பு, எல பச்சை பசேல்னு வருது. ஏ பாக்கெட்டுல கல்சியம் நைட்ரேட்டும் அயனும் (இரும்புச் சத்து), பி பாக்கெட்டுல பொஸ்பேட், சல்பேட் மத்த சாமானெல்லாம். ஏன் ரெண்டா பிரிச்சிருக்குன்னா, கட்டியான கரைசல்ல ரெண்டையும் ஒண்ணா ஊத்தினா கல்சியமும் சல்பேட்டும் பொஸ்பேட்டும் புடிச்சுக்கிட்டு வெள்ளையா அடியில படிஞ்சிரும், அப்புறம் செடிக்கும் கெடைக்காது, பம்ப்பையும் அடைக்கும். டேங்குல மொதல்ல தண்ணி, அப்புறம் ஏ, நல்லா கலக்கிட்டு அப்புறம் பி. இவ்வளவு முக்கியமான விஷயத்த இங்கிலீஷ்ல, எறும்பெழுத்துல அச்சடிச்சு வச்சிருக்காங்க, தோட்டத்து ஆளுங்களுக்கு சாமான் விக்கணும்னு நெனைக்கிற கடை தமிழ்ல ஒரு தாள் அடிக்கக் கூடாதா.

மீட்டர் விஷயம் இத விட மோசம். சலாதுக்கு ஈ.சி. (தண்ணி மின்சாரம் கடத்துறத வச்சு உப்பு எவ்வளவுன்னு காட்டுற அளவு) 1.2ல இருந்து 1.8க்குள்ள இருந்தா போதும், அவங்க தாள்ல பி.பி.எம்.ல (பத்து லட்சத்துல எத்தனை பங்குங்கிற கணக்கு) குடுத்திருக்காங்க, அதுல ரெண்டு கணக்கு இருக்கு, ஈ.சி. 1ன்னா ஒரு மீட்டர் 500 காட்டும் இன்னொரு மீட்டர் 700 காட்டும், எந்த கணக்குன்னு தாள்லயும் இல்ல மீட்டர்லயும் இல்ல. அத விட பெரிய கூத்து, அந்த பேனா மீட்டருக்கு வெப்பநிலைய பாத்து தானா திருத்துற வசதி கெடயாது. ஈ.சி. கணக்கு 25 பாகைக்கு சொல்றது, ஒரு பாகை கொறஞ்சா கிட்டத்தட்ட 2 வீதம் கொறச்சு காட்டும். கொழும்புல இது ஒரு விஷயமே இல்ல. இங்க விடிய காலையில டேங்க் தண்ணி 13 பாகையில இருக்கும், நெசமா 1.6 இருக்கிற தண்ணிய மீட்டர் 1.2ன்னு காட்டும், அத நம்பி இன்னும் ரெண்டு மூடி ஏ, ரெண்டு மூடி பி ஊத்தினா எல ஓரம் கருகும், உப்பும் வீண். தானா திருத்துற அந்த வசதிக்கு ஏ.டி.சி.ன்னு பேரு, அப்படி போட்ட மீட்டரா பாத்து வெளிய வாங்குங்க.

தண்ணிய பத்தியும் சொல்லணும். எங்க பீலித் தண்ணி (மலை ஊத்துத் தண்ணி) ரொம்ப மென்மையான தண்ணி, உப்பே கெடயாது, ஈ.சி. 0.1க்கு கீழதான். உப்பு கலக்க இத விட நல்ல தண்ணி கெடைக்காது, ஆனா பி.எச்.ச புடிச்சு வைக்கிற சக்தி அதுல இல்ல, செடி நைட்ரேட்ட உறிஞ்ச உறிஞ்ச பி.எச். கடகடன்னு மேல ஏறும், அசிட் ரெண்டு சொட்டு கூடுனா தொபுக்கடீர்னு கீழ விழும். 5.5ல இருந்து 6.5க்குள்ள நிக்கணும், மேல போனா அயன் எட்டாம புது எல மஞ்சளாகும். போத்தல்ல வர்ற அசிட்ட அப்படியே ஊத்தாம ஒரு பங்க பத்து பங்கு தண்ணில விட்டு, தண்ணிய அசிட்டுக்குள்ள இல்ல, அசிட்ட தண்ணிக்குள்ள, அதுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. மத்தது, ஜூன் ஜூலை மழையில பீலி கலங்கி வரும், துணி கட்டி வடிக்காம டேங்குல விடாதீங்க.

பாதி பேரு கேக்குறது உள்ளெல நுனி கருகுறத பத்தி. கல்சியம் போதலன்னு இன்னும் ஏ ஊத்துறாங்க, டேங்குல கல்சியம் தாராளமா இருக்கும், ஆனா அது எல வேர்க்கிற வேகத்துலதான் மேல ஏறும், நாள் பூரா மூட்டம் போட்டு பொலித்தீன் கூடாரத்துக்குள்ள ஈரம் சொட்டிக்கிட்டு நிண்டா எல எங்க வேர்க்கும்? சின்ன ஃபேன் ஒண்ணு போட்டு, பக்கத்து பொலித்தீன பகல்ல சுருட்டி விட்டு, ஈ.சி.ய 1.2 கிட்ட எறக்குனா கொறையும். கடைக்காரங்க வாட்டர் சில்லர் வேற வித்துப் பாத்தாங்க, நம்ம ஊர்ல தண்ணிய குளிர வைக்க மெஷினாம்.

ரெண்டு மூணு கிழமைக்கு ஒருக்கா டேங்க் தண்ணிய பூரா மாத்துங்க, ஈ.சி. மீட்டர் மொத்த உப்பதான் காட்டும், எந்த உப்பு தீந்துச்சு எது மிஞ்சுச்சுன்னு காட்டாது, நைட்ரஜனும் பொட்டாசியமும் மொதல்ல போயிரும். பழைய தண்ணிய லீக்ஸ் பாத்திக்கு ஊத்துறோம், லீக்ஸ் சந்தோஷமா குடிக்குது.

வாங்குனதுக்கு அப்புறம் சர்வீஸ் நல்லம், வட்ஸ்அப்ல வொய்ஸ் போட்டா அன்னைக்கே பதில் வரும், தமிழ்ல பேச ஒரு தம்பி இருக்காரு. உப்பு மட்டும் தனியா ஓடர் பண்ணா கூரியர்ல வருது, வந்த ஒடனே ஏ பாக்கெட்ட அமுக்கிப் பாருங்க, கல்சியம் நைட்ரேட் காத்துல இருக்கிற ஈரத்த இழுக்கும், கட்டியாகியோ தண்ணி விட்டோ இருந்தா எடை கணக்கு பொய்யாகிரும், படம் புடிச்சு அனுப்புங்க, மாத்தித் தருவாங்க.