பின் கிராங்க் சீலா, மெல்லிய ரிங்கா: எஞ்சின் உராய்வைக் குறைக்க எதில் செலவு செய்யலாம்?

பெர்ஃபார்மன்ஸ் பாகங்கள் விற்கும் இடங்களில் 'லோ ஃபிரிக்‌ஷன்' என்ற பெயரில் இரண்டு வகைச் சரக்கு கிடைக்கிறது. ஒன்று, எஞ்சினின் சுழலும் அச்சான கிராங்க் ஷாஃப்டின் முன்னும் பின்னும் உட்காரும் ஆயில் சீல். மற்றது, பிஸ்டனில் உட்காரும் மெல்லிய, இழுவிசை குறைந்த ரிங் செட். ஆயில் சீல் எண்ணெயை வெளியே விடாமல் தடுக்கிறது. ரிங், எரிந்த வாயுவைக் கீழேயும் எண்ணெயை மேலேயும் விடாமல் தடுக்கிறது. விலை, வேலை, பலன் மூன்றிலும் இரண்டுக்கும் வெகு தூரம். ஆனால் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை முழுதாகப் பயன்படுத்தவும் முடியாது.

கணக்குப் போட ஓர் எஞ்சின் வேண்டும். ஹோண்டா கே20ஏ, நிஸான் எஸ்ஆர்20டிஇடி, டொயோட்டா 3எஸ்-ஜிடிஇ மூன்றிலும் போர் (சிலிண்டரின் விட்டம்) 86 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 86 மி.மீ., கொள்ளளவு 1998 சிசி. டியூன் செய்பவர்கள் அதிகம் கைவைக்கும் அளவு இதுதான் என்பதால் இதையே எடுத்துக்கொள்வோம். உச்ச வேகம் 8000 ஆர்.பி.எம்.

பின் சீல் எவ்வளவு தின்கிறது?

சீல் உட்காரும் இடத்தில் ஷாஃப்டின் விட்டம் 80 மி.மீ. என்று கொள்வோம். ஸ்பிரிங் வைத்த ரப்பர் சீலின் லிப் (ஷாஃப்டைத் தொடும் உதடு போன்ற விளிம்பு), ஷாஃப்டைச் சுற்றி மொத்தம் 20 நியூட்டன் அளவில் அழுத்துகிறது. உராய்வுக் கெழு 0.3. அப்படியானால் இழுக்கும் முறுக்குவிசை 0.24 நியூட்டன் மீட்டர். 8000 ஆர்.பி.எம்.-இல் இது சுமார் 200 வாட், அதாவது கால் குதிரைத்திறனுக்குச் சற்று அதிகம். மிக நல்ல லோ ஃபிரிக்‌ஷன் சீல் போட்டு இதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தாலும் கிடைப்பது 70 வாட்டுக்குள்தான். 200 குதிரைத்திறன் எஞ்சினை ஒரே டைனோவில் (எஞ்சினின் சக்தியை அளக்கும் கருவி) அடுத்தடுத்து இரண்டு முறை ஓட்டினால் வரும் வித்தியாசமே இதைவிடப் பல மடங்கு பெரிது. 'சீல் மாற்றினேன், டைனோவில் தெரிந்தது' என்று யாராவது சொன்னால், தெரிந்தது வேறு ஏதோ ஒன்று.

முன் சீல் இன்னும் சிறியது. விட்டம் குறைந்தால் லிப்பின் சுற்றளவும் குறைகிறது, முறுக்கும் ஆரமும் குறைகிறது. ஆகவே இழப்பு விட்டத்தின் வர்க்கத்தில் இறங்குகிறது. 42 மி.மீ. முன் சீலின் இழப்பு, பின் சீலினுடையதில் கால் பங்கு அளவே. உராய்வைக் குறைக்க வேண்டும் என்பதற்காக மட்டும் முன் சீலைத் தொட வேண்டிய அவசியமில்லை.

நைட்ரைல், வைட்டான், டெஃப்லான்

லிப் ஷாஃப்டில் உரசும் வேகம் 8000 ஆர்.பி.எம்.-இல் நொடிக்கு 33 மீட்டரைத் தாண்டுகிறது. நைட்ரைல் ரப்பருக்கு அட்டவணைகள் கொடுக்கும் எல்லை சுமார் 14 மீட்டர், வெப்ப எல்லை 100 டிகிரி. சம்ப்பில் (எஞ்சினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) எண்ணெய் 120 டிகிரியில் இருக்கும்போது லிப்பின் நுனி அதைவிடப் பல டிகிரி கூடுதலாகச் சுடும். நைட்ரைல் அங்கே கல்லாக இறுகி வெடிக்கும். பெர்ஃபார்மன்ஸ் எஞ்சினின் பின் சீலுக்கு இது பேச்சுக்கே இடமில்லாத தேர்வு.

வைட்டான் 200 டிகிரி வரை தாங்கும். வேக எல்லை 35 மீட்டரை ஒட்டி இருக்கிறது. நம் கணக்கிலுள்ள எஞ்சினுக்கு விளிம்பில் பொருந்துகிறது. ரப்பர் என்பதால் ஷாஃப்டின் சிறு ஆட்டத்தை லிப் தொடர்ந்து பிடித்துக்கொள்ளும். இது அதன் பெரிய பலம். பலவீனம் இரண்டு. எண்ணெயில் வரும் அமீன் வகைச் சேர்க்கைகள் நீண்ட காலத்தில் இதைக் கடினமாக்கும். மெத்தனால் ஓட்டும் எஞ்சினில் சாதாரண வைட்டான் ஊதிப் போகும். ஃபுளோரின் அளவு கூடிய வகைதான் அதற்குத் தாங்கும்.

வாங்கும்போது ஒரு விஷயம். பழுப்பு நிறமாக இருந்தால் வைட்டான் என்று பலர் நம்புகிறார்கள். நைட்ரைலிலும் பழுப்பு நிறம் கலக்கலாம், வைட்டான் கறுப்பிலும் பச்சையிலும் வருகிறது. நிறம் எதற்கும் சாட்சி ஆகாது. உற்பத்தியாளரின் பாக எண்ணைப் பாருங்கள். லைட்டரில் கொளுத்திப் பார்க்கும் வழக்கத்தை அறவே விடுங்கள். வைட்டான் கருகினால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வெளிவரும். அது தோலையும் நுரையீரலையும் அரிக்கும் நஞ்சு.

டெஃப்லான் லிப்புக்கு ஸ்பிரிங் கிடையாது. அகலமான ஒரு பட்டையாக ஷாஃப்டின் மேல் படுத்துக்கொள்கிறது. எண்ணெய் இல்லாமல் சிறிது நேரம் ஓடினாலும் எரியாது, வேகமும் வெப்பமும் அதிகம் தாங்கும். டெஃப்லானின் உராய்வுக் கெழு குறைவு என்பது உண்மை. ஆனால் தொடும் பரப்பு அகலமாக இருப்பதால், எண்ணெயில் வேகமாகச் சுழலும்போது நல்ல லோ ஃபிரிக்‌ஷன் வைட்டானைவிட அது கட்டாயம் லேசாகச் சுழலும் என்று சொல்ல முடியாது. டெஃப்லானைத் தேர்ந்தெடுக்க வேகமும் வெப்பமும் ஆயுளும் நல்ல காரணங்கள். குதிரைத்திறன் நல்ல காரணமில்லை.

வைட்டான் சீலின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஓட்டினால் என்ன? வீல் பேரிங்கில் டிராக் ரேஸ்காரர்கள் செய்வதுண்டு. கிராங்கில் செய்யாதீர்கள். சூட்டில் ரப்பர் தளரும்போது லிப்பை ஷாஃப்டோடு ஒட்டி வைத்திருப்பது அந்த ஸ்பிரிங்தான். அது இல்லையென்றால் கிளட்ச் தட்டில் எண்ணெய் ஏறும். சில பத்து வாட்டுக்காக ஒரு கியர்பாக்ஸ் இறக்கும் வேலை வந்து சேரும்.

பொருத்தும் முறையில்தான் வேறுபாடு அதிகம்

வைட்டான் லிப்பில் எஞ்சின் எண்ணெய் தடவிப் பொருத்த வேண்டும். டெஃப்லானில் நேர் எதிர்: லிப்பும் ஷாஃப்டும் எண்ணெய்ப் பசையே இல்லாமல் துடைத்து உலர்ந்திருக்க வேண்டும். ஓடத் தொடங்கும்போது டெஃப்லானின் மெல்லிய படலம் ஷாஃப்டின் மேல் ஒட்டுவதால்தான் அடைப்பு உருவாகிறது; எண்ணெய் தடவினால் அந்தப் படலம் ஒட்டாது. சீலோடு வரும் பிளாஸ்டிக் வளையத்தைக் கழற்றி எறியாமல், அதன் மேல் வழுக்கித்தான் ஷாஃப்டில் ஏற்ற வேண்டும். விரலால் லிப்பை விரித்து ஏற்றினால் விளிம்பு மடங்கும், அதற்குப் பிறகு அது அடைக்காது. பொருத்திய பின் குறைந்தது 4 மணி நேரம் கிராங்கைச் சுற்றாமல் விடுங்கள்; லிப் ஷாஃப்டின் அளவுக்குச் சுருங்கி உட்கார அந்த நேரம் தேவை. புது டெஃப்லான் சீல் முதல் நாளே கசிகிறது என்ற புகார் வந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எண்ணெய் தடவினீர்களா?

ஷாஃப்டின் பரப்பு இரண்டுக்கும் முக்கியம். ரப்பருக்கு ஆர்ஏ (பரப்பின் சராசரி சொரசொரப்பு) 0.2 முதல் 0.8 மைக்ரான், டெஃப்லானுக்கு இன்னும் வழவழப்பு வேண்டும். பழைய சீல் உரசிய தடம் நகத்தில் தட்டுப்பட்டால் புது சீலை ஒரு மி.மீ. உள்ளேயோ வெளியேயோ தள்ளிப் பொருத்துங்கள். இடம் இல்லையென்றால் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் போடலாம். எஸ்கேஎஃப் ஸ்பீடி ஸ்லீவின் சுவர்த் தடிமன் 0.28 மி.மீ., அதனால் அசல் அளவு சீலே பொருந்தும்.

எமரி காகிதம் போட்டு ஷாஃப்டைத் தேய்ப்பவர்கள் அறியாமலே ஒரு மரை வெட்டிவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சுருள் கீறல், எண்ணெயை லிப்புக்கு அடியில் பம்ப் செய்து வெளியே தள்ளும். கண்டுபிடிக்க வழி எளிது. கிராங்கை லேத்தில் மட்டமாகக் கட்டி, ஷாஃப்டில் லேசாக எண்ணெய் தடவி, ஒரு தையல் நூலை அதன் மேல் சுற்றிவர விட்டு, நுனியில் 30 கிராம் எடையைத் தொங்கவிட்டு, நிமிடத்துக்கு 60 சுற்றில் ஓட்டுங்கள். நூல் ஒரு பக்கமாக நகர்ந்து, சுழற்சியைத் திருப்பியதும் எதிர்ப்பக்கம் நகர்ந்தால் மரை இருக்கிறது. இரண்டு சுழற்சியிலும் ஒரே பக்கம் நகர்ந்தால் ஷாஃப்ட் கூம்பாக இருக்கிறது, அல்லது மட்டம் சரியில்லை.

ரிங் பக்கம் வந்தால்

உராய்வில் போகும் சக்தியில் பாதியை ஒட்டிய பங்கு பிஸ்டன், ரிங், சிலிண்டர் சுவர் சேரும் இடத்தில்தான் போகிறது. இங்கே இரண்டு விசைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஆயில் ரிங்கின் (மூன்று ரிங்கில் கடைசியாக இருந்து சுவரிலுள்ள எண்ணெயை வழிக்கும் ரிங்) சொந்த இழுவிசை. 30 நியூட்டன் இழுவிசை கொண்ட ரிங் சுவரைச் சுற்றி மொத்தம் 188 நியூட்டன் அழுத்துகிறது. 8000 ஆர்.பி.எம்.-இல் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 22.9 மீட்டர். உராய்வுக் கெழுவை 0.05 என்று வைத்தால் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 860 வாட். இழுவிசையைப் பாதியாக்கினால் 430 வாட் மிச்சம். பின் சீலை மொத்தமாகக் கழற்றி எறிந்தாலும் கிடைக்காத அளவு.

இரண்டாவது, மேல் ரிங்குக்குப் பின்னால் புகும் வாயு அழுத்தம். 60 பார் அழுத்தத்தில் 1.5 மி.மீ. உயர ரிங்கைச் சுவரோடு தள்ளும் விசை சுமார் 2430 நியூட்டன். அதே இடத்தில் 1.0 மி.மீ. ரிங் போட்டால் 1620. பழைய 1.5/1.5/3.0 செட்டிலிருந்து (மேல் ரிங், இரண்டாம் ரிங், ஆயில் ரிங் உயரங்கள், மி.மீ.-இல்) 1.0/1.0/2.0-க்கு இறங்குவதன் லாபம் இங்கேதான் இருக்கிறது. மெல்லிய ரிங் வளைந்துகொடுத்து, சற்றே நெளிந்த சுவரிலும் நன்றாக ஒட்டும் என்பது கூடுதல் நன்மை.

இதற்குப் பிஸ்டனே மாற வேண்டும். பள்ளத்தின் உயரம் வேறு. ரிங்குக்கும் பள்ளத்துக்கும் உள்ள பக்க இடைவெளி 0.02 முதல் 0.04 மி.மீ. மட்டுமே. ஹோனிங் (சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்த்து இழைப்பது) செய்யும்போது டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதிலாக இறுக்கும் தடித்த தட்டு) கட்டாயம்: ஹெட் போல்ட் இறுக்கியதும் போர் முட்டையாகும், அந்த நிலையிலேயே வட்டமாக்க வேண்டும். பரப்புக்கு ஆர்பிகே (மேடுகளின் உயரம்) 0.2–0.3, ஆர்கே (நடு அடுக்கின் சொரசொரப்பு) 0.6–0.9, ஆர்விகே (எண்ணெய் தங்கும் பள்ளங்களின் ஆழம்) 1.0–1.3 மைக்ரான் என்பது நல்ல இலக்கு. எஞ்சின் கடையில் பரப்பை அளக்கும் கருவி இல்லையென்றால் 1.0 மி.மீ. செட்டை அங்கே கொடுக்காமல் இருப்பதே நல்லது. மேல் ரிங்கின் வாய் இடைவெளி (இரு முனைகளுக்கும் நடுவே விடும் இடம்) டர்போ இல்லாத எஞ்சினில் 0.39 மி.மீ., டர்போவில் 0.47 மி.மீ. இரண்டாம் ரிங்குக்குச் சற்று அதிகம் விடுங்கள். இரண்டுக்கும் நடுவே அழுத்தம் தேங்கினால் மேல் ரிங் பள்ளத்திலிருந்து எழும்பும்.

போர் முட்டையாக இருக்கும்போது லோ டென்ஷன் ஆயில் ரிங் போட்டால் நீலப் புகை மட்டும் வந்து நிற்காது. எண்ணெய் எரிப்பறைக்குள் ஏறினால் பெட்ரோலின் ஆக்டேன் திறன் குறைந்து நாக்கிங் (கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) தொடங்கும். டர்போ எஞ்சினில் அது பிஸ்டனின் ரிங் லேண்டை (ரிங் பள்ளங்களுக்கு இடைப்பட்ட விளிம்பு) உடைக்கும்.

வேக்கம் வந்ததும் சீல் மறுபடி மேசைக்கு வருகிறது

ஆயில் ரிங்கின் இழுவிசையைத் துணிந்து குறைக்க வேண்டுமானால் கிராங்க் கேஸில் (கிராங்க் ஷாஃப்ட் சுழலும் அறை) வெற்றிடம், அதாவது வேக்கம், உதவும். வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைவாக இருந்தால் எண்ணெய் மேலேறும் போக்கும் குறையும், ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் வாயுவான பிளோ-பையும் உடனே வெளியேறும். பெல்ட்டில் ஓடும் வேக்கம் பம்ப்போ, எண்ணெயைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப்போ இதைத் தரும். எண்ணெய் எஞ்சினுக்கு அடியிலேயே இருக்கும் வெட் சம்ப்பில் 10 முதல் 12 இன்ச் பாதரசத்தில் ரெகுலேட்டரை நிறுத்துங்கள். 15-ஐத் தாண்டினால் பிஸ்டன் பின்னுக்கு (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் ஊசி) எண்ணெய் தெறிப்பது குறையும். பின்னுக்குத் தனி எண்ணெய்த் தாரை இருந்தால்தான் அதற்கு மேல் போகலாம். 10 இன்ச்சில் ஆயில் பிரஷர் மீட்டர் சுமார் 5 பிஎஸ்ஐ குறைத்துக் காட்டும். மீட்டர் வெளிக்காற்றை வைத்து அளப்பதால் வரும் வேறுபாடு அது.

இங்கேதான் சாதாரண சீல் தோற்கிறது. அதன் லிப் எண்ணெய்ப் பக்கம் நோக்கி இருக்கிறது. உள்ளே அழுத்தம் இருந்தால் இறுகும், வெற்றிடம் இருந்தால் வெளிக்காற்று அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே புகும். பம்ப் எவ்வளவு இழுத்தாலும் வேக்கம் ஏறாது, கிளட்ச் தூசியும் எண்ணெயில் கலக்கும். சீலைத் திருப்பிப் பொருத்துவது பழைய தீர்வு. ரேஸுக்கு மட்டும் ஓடும் எஞ்சினில் அது செல்லும். சாலையில் ஓடும் காரில் எஞ்சின் நின்றதும் வேக்கம் போய்விடும். லிப்பின் கோண அமைப்பு இப்போது எண்ணெயை வெளிப்பக்கம் பம்ப் செய்வதால் கசியும். இரு பக்கமும் அடைக்கும் இரட்டை லிப் சீல்தான் இரண்டுக்கும் பொது. அதில் உராய்வு சற்றுக் கூடும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். அந்தச் சில பத்து வாட்டைக் கொடுத்து ரிங்கில் அதைப் போலப் பல மடங்கு வாங்குகிறோம்.

எதை எதற்கு

தினசரி ஓட்டும் காரில் உராய்வுக்காகச் சீலைத் தேடி அலைய வேண்டாம். கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸ் இறங்கும் நாளில், எஞ்சின் எந்த வகை சீலோடு வந்ததோ அதே வகையில் புதியதைப் போடுங்கள்.

டர்போ இல்லாத டிராக் கார் 8000-ஐத் தாண்டிச் சுற்றுகிறது, எஞ்சினும் எப்படியும் பிரிகிறது என்றால் பணத்தை 1.0 அல்லது 1.2 மி.மீ. ரிங் செட், டார்க் பிளேட் ஹோனிங் இரண்டிலும் போடுங்கள். பின் சீலுக்கு டெஃப்லான். வேக்கம் பம்ப் வைத்தால் மட்டும் இரட்டை லிப். ஆயில் ரிங் இழுவிசையையும் அப்போதே குறையுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

டர்போவில் மேல் ரிங் 1.2 மி.மீ. ஸ்டீலோடு நிறுத்துவது பாதுகாப்பு. பூஸ்ட் ஏறும்போது பிளோ-பை மிகுந்து கிராங்க் கேஸ் அழுத்தம் கூடினால் சாதாரண சீலின் லிப் ஷாஃப்டில் இன்னும் அழுந்தும். உராய்வும் சூடும் கூடி, லிப் தேய்ந்து, கடைசியில் கசியும். டிப்ஸ்டிக் குழாயில் மானோமீட்டர் மாட்டி முழு பூஸ்டில் ஒரு முறை பாருங்கள். அழுத்தம் ஏறினால் புது சீல் வாங்கும் முன் பிரீதர் குழாயை (கிராங்க் கேஸ் வாயு வெளியேறும் குழாய்) பெரிதாக்குங்கள், கேட்ச் கேனுக்குள் (அந்த வாயுவோடு வரும் எண்ணெயைப் பிடிக்கும் டப்பா) அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.